தளம் மூடும் முன் எடுக்கும் போட்டோ: சைட் வேலைக்கு போன் வாங்குவது எப்படி?

கட்டட வேலையில் நாம் எடுக்கும் போட்டோக்களில் பாதியை இரண்டாவது தடவை எடுக்க முடியாது. காலையில் கம்பி கட்டி முடித்து மதியம் கான்கிரீட் போட்டுவிட்டால், அந்தக் கம்பியை அதன்பிறகு யாரும் பார்க்கப் போவதில்லை. காடி வெட்டிப் பைப் வைத்து, பூசி, டைல்ஸும் ஒட்டிவிட்டால், பைப் எந்த இடத்தில் திரும்புகிறது என்பதற்கு நம் போனில் இருக்கும் படம்தான் சாட்சி.

சில வருடங்களுக்கு முன் நான் எடுத்துச் செய்த ஒரு வீட்டில், குடிபோன எட்டாவது மாதம் பாத்ரூம் சுவரின் வெளிப்பக்கம் ஓதம் அடிக்க ஆரம்பித்தது. பூச்சுக்கு முன்னால் டேப் பிடித்து எடுத்த போட்டோ என்னிடம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் பைப் தெரிகிறது, எல்போ தெரிகிறது, டேப்பும் தெரிகிறது. டேப்பில் இருக்கும் எண் மட்டும் தெரியவில்லை. மாலை நேரம், வெளிச்சம் குறைவு, கை லேசாக அசைந்திருக்கிறது. ஒரு டைலை எடுத்தால் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு ஒன்பது டைல்களை உடைத்தோம். அதே டிசைன் கடையில் தீர்ந்து போயிருந்தது. வேறு நிறத்தில் ஒட்டுப் போட்ட அந்தச் சுவரை வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போனது இன்னும் என் மனதில் இருக்கிறது.

அன்றிலிருந்து போன் வாங்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதில் எடுத்த படத்தில் டேப்பின் எண்ணைப் படிக்க முடியுமா? டிப்ளமோ முடித்து முதல் சைட்டுக்குப் போகும் தம்பி தங்கைகளுக்காகவும், சொந்தமாக வேலை எடுத்துச் செய்யத் தொடங்கும் மேஸ்திரிகளுக்காகவும் இதை எழுதுகிறேன். வயரிங், பிளம்பிங் வேலை செய்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. எந்த மாதிரிப் படங்கள் எடுக்கிறீர்கள்?

கடைக்குப் போகும் முன், இப்போதிருக்கும் போனில் கடைசி ஒரு மாதப் படங்களைத் தள்ளிப் பாருங்கள். கட்டட வேலையில் அவை பெரும்பாலும் நான்கு வகைக்குள் வந்துவிடும்.

ஒன்று, படிக்க வேண்டிய படங்கள். சிமெண்ட் மூட்டையில் எந்த வருடம், எத்தனையாவது வாரம் தயாரானது என்று அச்சிட்டிருப்பார்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஆன சிமெண்டைச் சோதிக்காமல் போடக் கூடாது என்பதால் அந்த அச்சு முக்கியம். முறுக்குக் கம்பியில் கம்பெனியின் பெயரும் ரகமும் புடைப்பாகப் பதிந்திருக்கும். அப்புறம் கவர் பிளாக், அதாவது கம்பி பலகையில் ஒட்டாமல் இருக்க இடையில் வைக்கும் சின்னக் கட்டி. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456இன்படி பில்லர் கம்பிக்கு வெளியே குறைந்தது 40 மில்லிமீட்டரும் ஃபூட்டிங்கில் 50 மில்லிமீட்டரும் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். அது இருந்ததற்கான ஆதாரம், மில்லிமீட்டர் கோடு வரைக்கும் தெரியும் ஒரு படம்தான்.

இரண்டு, நெருக்கமான இடங்கள். நாலுக்கு ஏழு அடி பாத்ரூம், மாடிப்படிக்கு அடியில் உள்ள இடம், சம்புக்குள் இறங்கி எடுப்பது. பின்னால் நகர இடமிருக்காது.

மூன்று, வெளிச்சம் குறைந்த இடங்கள். சென்ட்ரிங் பிரிப்பதற்கு முன் தளத்துக்கு அடியில் பகலிலேயே இருட்டாக இருக்கும்.

நான்கு, முழுக் கட்டடம். இதற்கு எந்த போனும் போதும், இதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கடைகளில் காட்டும் மாதிரிப் படங்கள் எல்லாம் இந்த வகைதான். நல்ல வெயிலில் பூவும் வானமும் எடுத்தால் எல்லா போனும் நன்றாகத்தான் இருக்கும்.

உங்கள் வேலையில் எந்த வகை அதிகமோ அதற்குப் பணத்தைப் போடுங்கள். பிளம்பருக்கு இரண்டாவது, எலக்ட்ரீசியனுக்கு மூன்றாவது, சைட் இன்ஜினீயருக்கு முதலாவது என்று எனக்குத் தோன்றுகிறது.

2. மெகாபிக்சல் கணக்கு

டப்பாவில் 50, 108, 200 என்று எழுதியிருக்கும். சாதாரணமாகப் படம் எடுக்கும்போது இந்த போன்கள் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்து ஒரே புள்ளியாக்கிவிடுகின்றன. 50 மெகாபிக்சல் போன் நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படம் தருகிறது. 108 என்றால் ஒன்பதை ஒன்றாக்கி 12. 200 என்றால் பதினாறை ஒன்றாக்கி மறுபடியும் 12.5. ஆக கையில் கிடைக்கும் படம் ஏறக்குறைய ஒரே அளவு: அகலத்தில் 4000 புள்ளி, உயரத்தில் 3000 புள்ளி.

இந்த 4000 என்ற எண்ணை மனதில் வையுங்கள், சைட்டில் அது உதவும். பத்தடிச் சுவர் என்பது 3048 மில்லிமீட்டர். அதை முழுசாக ஒரே படத்தில் அடக்கினால் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளிக்குக் கொஞ்சம் மேல்தான் கிடைக்கும். டேப்பின் சின்னக் கோடுகளை அதில் யாராலும் படிக்க முடியாது, லட்ச ரூபாய் போனாக இருந்தாலும் சரி. அதே படத்தில் மூன்றடி அகலம் மட்டும் அடங்கும்படி நெருங்கி எடுத்தால் மில்லிமீட்டருக்கு நான்கு புள்ளிக்கு மேல் கிடைக்கும். கோடு தெளிவாக விழும். அதனால் ஒவ்வொரு இடத்தையும் இரண்டு தடவை எடுங்கள்: எந்தச் சுவர் என்று தெரிய ஒரு தூரப் படம், டேப்போடு மூன்றடிக்குள் ஒரு கிட்டப் படம். நான் ஒன்பது டைல் உடைத்த அன்று என்னிடம் இருந்தது தூரப் படம் மட்டும்தான்.

மெகாபிக்சலை விட, வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சிப்பான சென்சாரின் அளவைக் கேளுங்கள். 1/1.56 இன்ச், 1/2.76 இன்ச் என்று பின்னமாக எழுதியிருப்பார்கள். கீழே உள்ள எண் சிறிதாக இருந்தால் சென்சார் பெரிது. பெரிய சென்சாருக்குள் அதிக வெளிச்சம் போகும், தளத்துக்கு அடியில் எடுத்தாலும் புள்ளி புள்ளியாகக் கலங்காது. ஆனால் பெரிய சென்சார் உள்ள போன்கள் மிகவும் நெருங்கினால் ஃபோகஸ் ஆகாது. சில போன்களில் 15, 20 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் படம் மங்கிவிடும். அப்போது போனைப் பின்னால் இழுத்து 2எக்ஸ் ஜூம் வைத்து எடுத்தால் சரியாக வரும்.

3. கண்டிப்பாக வேண்டிய இரண்டு

முதலாவது, ஓ.ஐ.எஸ். இது இருந்தால் நம் கை நடுங்குவதற்கு எதிர்த்திசையில் லென்ஸோ சென்சாரோ மெல்ல நகர்ந்து படத்தை நிலையாக வைக்கும். இருட்டில் போன் ஒரு படத்துக்குப் பதினைந்தில் ஒரு பங்கு வினாடி, பத்தில் ஒரு பங்கு வினாடி என்று நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்துக்குள் கை அசைந்தால் எண் போய்விடும். டேப்பை ஒரு கையில் பிடித்து மறு கையால் படம் எடுப்பவர்களுக்கு இது இல்லாமல் முடியாது. ஈ.ஐ.எஸ். என்று எழுதியிருந்தால் அது மென்பொருள் வேலை, வீடியோவுக்கு உதவும், போட்டோவுக்கு உதவாது. இப்போது 20,000 ரூபாய்ச் சுற்றுவட்டத்திலேயே ஓ.ஐ.எஸ். உள்ள போன்கள் கிடைக்கின்றன. ஒன்று மட்டும்: ஓ.ஐ.எஸ். நம் கை அசைவைத்தான் சரிசெய்யும். கம்பியைப் பிடித்திருக்கும் ஆள் அசைந்தால் அதற்கு அது பொறுப்பாகாது. "ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு எடுங்கள்.

இரண்டாவது, அல்ட்ரா வைடு கேமராவில் ஆட்டோஃபோகஸ். நெருக்கமான பாத்ரூமுக்கு 120 டிகிரி அளவில் விரியும் அல்ட்ரா வைடு வேண்டும். மலிவான போன்களில் இது 8 மெகாபிக்சலாக, ஃபோகஸ் மாற்ற முடியாததாக இருக்கும். முழு அறையைக் காட்ட அதுவே போதும். ஆட்டோஃபோகஸ் இருந்தால் அதே கேமராவை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வரை கொண்டுபோய் விரிசலையோ கம்பியின் எழுத்தையோ எடுக்கலாம். ஐபோனில் இது 2021இல் 13 ப்ரோவோடு வந்தது. ப்ரோ அல்லாத மாடலுக்கு 2024இல் வந்த 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டிலும் மாடலுக்கு மாடல் மாறும், கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

2 மெகாபிக்சல் மேக்ரோ, 2 மெகாபிக்சல் டெப்த் என்று பின்னால் இருக்கும் கூடுதல் கேமராக்களை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. 2 மெகாபிக்சல் என்றால் 1600க்கு 1200 புள்ளிதான். டப்பாவில் "மூன்று கேமரா" என்று போட அவை உதவுகின்றன.

ஐபோன் ப்ரோ மாடல்களில் 2020இல் வந்த 12 ப்ரோ முதல் லைடார் (லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் சென்சார்) இருக்கிறது. அறையை ஸ்கேன் செய்து ஏறக்குறைய அளவு எடுக்கலாம். வீட்டுக்காரருக்கு அறையைச் சுற்றிக் காட்ட நன்றாக இருக்கும். டைல்ஸ் கணக்குக்கு இன்னும் டேப்தான்.

4. வெயில், தூசு, தண்ணீர்

உச்சி வெயிலில் திரை தெரியாவிட்டால் படம் ஃபோகஸ் ஆனதா என்றே பார்க்க முடியாது. திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் என்று சொல்வார்கள். 1000 நிட்ஸுக்கு மேல் உள்ளதாகப் பாருங்கள். இன்னும் நல்ல வழி, கடை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து பார்ப்பது.

ஐபோனை 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தும்படிதான் ஆப்பிளே சொல்கிறது. நமக்குக் கத்திரியில் அதைத் தாண்டிவிடும், தளத்தின் மேல் இன்னும் அதிகம். சூடானால் எந்த போனும் திரையை மங்கலாக்கும், ஃபிளாஷை நிறுத்திவிடும். கான்கிரீட் போடும் நாளில் போனைச் சட்டைப்பையில் வையுங்கள், சாரக்கட்டின் மேல் வெயிலில் வைக்காதீர்கள்.

ஐபி எண்ணில் முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 6 என்றால் தூசு உள்ளே போகாது. ஐபி 67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்தது. ஐபி 54 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், தூசு கொஞ்சம் போகலாம். எம்-சாண்டும் சிமெண்டும் பறக்கும் இடத்தில் 6இல் தொடங்கும் எண்ணை விரும்புங்கள். ஆனால் ஒருமுறை திறந்து டிஸ்ப்ளே மாற்றிய போனில் இந்த எண்ணை நம்ப வேண்டாம், பசை பழையபடி ஒட்டியிருக்காது.

லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. சட்டையில் ஒட்டியிருக்கும் மணல் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுங்கள், பிறகு மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் துடையுங்கள். கேமராவை விட விளிம்பு உயர்ந்து நிற்கும் கவர் போடுங்கள்.

இன்னொன்று, சைட்டுக்குப் போகும் பலரும் மேப் பார்ப்பதற்காக பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டுகிறோம். என்ஜினின் அதிர்வு ஓ.ஐ.எஸ். உள்ள கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் 2021இல் எச்சரித்திருக்கிறது. ஓ.ஐ.எஸ். எந்த போனிலும் நகரும் பாகம்தான் என்பதால் எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டும். நான் இப்போது பையில் போட்டுக்கொண்டு காதில் வழி கேட்டுப் போகிறேன்.

ஸ்டோரேஜ் 128 ஜிபிக்குக் குறையாமல் எடுங்கள். ஒரு படம் 3 முதல் 5 எம்பி என்றால், தினம் 60 படம் எடுப்பவருக்கு ஒரு வருடத்தில் 80 ஜிபிக்குப் பக்கமாகிவிடும்.

5. கடையில் பத்து நிமிடம்

கடைக்குப் போகும்போது உங்கள் டேப்பை எடுத்துப் போங்கள். சிமெண்ட் மூட்டையில் வாரம் அச்சிட்ட பகுதியை வெட்டி மடித்து எடுத்துப் போனால் இன்னும் நல்லது. விற்பனையாளர் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னால் பெரும்பாலும் டெமோ போனைக் கொடுப்பார்கள். நான் எடுக்கும் படங்கள் இவை:

டேப்பை ஒரு மீட்டர் நீட்டி மேசையில் வைத்து, முழு நீளமும் வரும்படி எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் பார்க்காமல் இரண்டு ஓரத்திலும் மில்லிமீட்டர் கோடு பிரிகிறதா என்று பாருங்கள். நிறைய போன்கள் ஓரத்தில்தான் தோற்கும்.

அதே டேப்பை மேசைக்கு அடியில், நிழலில் வைத்து ஒரு கையால் ஐந்து படம் தொடர்ந்து எடுங்கள். ஐந்தில் எத்தனை தெளிவு என்று எண்ணுங்கள். இந்தச் சோதனை ஒன்றே எனக்குப் பாதி முடிவைச் சொல்லிவிடும். நல்ல படம் ஒன்று வருவதை விட, ஐந்தும் படிக்கும்படி வருவதுதான் நமக்கு வேண்டியது.

சிமெண்ட் அச்சை ஐந்து சென்டிமீட்டரில் ஒருமுறை, அரை மீட்டரில் 2எக்ஸ் வைத்து ஒருமுறை எடுங்கள். பெரிதாக்கும்போது எழுத்தின் வடிவம் மாறிப் புழுப்போல நெளிந்திருந்தால், போன் தானாகக் கூர்மையாக்கி இல்லாத விளிம்பை வரைகிறது என்று பொருள். ஆதாரத்துக்கு அது ஆகாது.

அல்ட்ரா வைடில் கடையின் தூணை எடுங்கள். போனை நிமிர்த்திப் பிடித்தும் தூண் வளைந்து தெரிந்தால், தூக்குக்குண்டு விட்டு நிறுத்திய உங்கள் பில்லரும் படத்தில் அப்படித்தான் தெரியும். வீட்டுக்காரருக்கு விளக்கம் சொல்லி மாளாது.

கடைசியாக, ஆண்ட்ராய்டு போனாக இருந்தால், திரை அணைந்திருக்கும்போது பவர் பட்டனை இரண்டு தடவை அழுத்தி, கேமரா திறந்து படம் விழ எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். வால்யூம் பட்டனில் படம் எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். கையில் சிமெண்ட் ஈரம் இருக்கும்போது திரையும் கைரேகையும் வேலை செய்யாது.

6. பழைய போன் வாங்கலாமா?

வாங்கலாம். புது மலிவு போனை விட, இரண்டு வருடம் பழைய உயர் ரக போனின் கேமரா பெரும்பாலும் மேல். ஆனால் *#06# அழுத்தி ஐ.எம்.இ.ஐ. எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பார்த்து, 2023இல் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுச் சரிபாருங்கள். திருட்டு போனாக முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். டார்ச் அடித்து லென்ஸுக்குள் ஈரப்பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். கேமராவைத் திறந்து வைத்துக் காதருகே கேளுங்கள். இடைவிடாமல் நடுங்கும் சத்தமும் திரையில் படம் துள்ளுவதும் இருந்தால் ஓ.ஐ.எஸ். போய்விட்டது. மென்பொருள் அப்டேட் இன்னும் எத்தனை வருடம் வரும் என்றும் கேளுங்கள். கூகுள் பிக்சல் 8, சாம்சங் கேலக்ஸி எஸ்24 வரிசைகளுக்கு ஏழு வருடம் தருவதாக அந்த நிறுவனங்கள் சொல்லியிருக்கின்றன.

7. வாங்கிய அன்றே மாற்ற வேண்டியவை

கேமரா செட்டிங்கில் லொக்கேஷனை ஆன் செய்யுங்கள். தேதி, நேரம், இடம் மூன்றும் படத்துக்குள்ளேயே பதிவாகும். அரசு வீட்டுத் திட்ட வேலை எடுப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம், அங்கே ஒவ்வொரு கட்டத்துக்கும் இடக்குறிப்போடு படம் கேட்பார்கள். படத்தின் மேலேயே இடமும் நேரமும் அச்சிடும் ஆப்களும் உண்டு. ஆனால் அச்சு கம்பியின் மேல் விழாத மூலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரிட் கோடுகளை ஆன் செய்யுங்கள், மட்டம் காட்டும் கோடு இருந்தால் அதையும். ரசமட்டம் வைப்பது போல அதைப் பார்த்து எடுத்தால் சுவர் சாயாது. பியூட்டி, ஃபில்டர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஐபோனாக இருந்தால் ஃபார்மேட்டில் "மோஸ்ட் கம்பேட்டிபிள்" வையுங்கள். இல்லாவிட்டால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் படம் திறக்காமல் போகலாம். எல்.ஈ.டி. விளக்கில் கோடு கோடாக விழுந்தால், செட்டிங்கில் ஃபிளிக்கரை 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றுங்கள். நம் மின்சாரம் அந்த அளவு.

விரிசல் எடுக்கும்போது ஃபிளாஷை நேராக அடிக்காமல், இன்னொருவர் போனின் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். நிழல் விழுந்து விரிசல் எழுந்து தெரியும். டேப் கையில் இல்லாவிட்டால் பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர்.

அப்புறம் வாட்ஸ்அப். நல்ல போன் வாங்கியவர்கள் கூட இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். சாதாரணமாக அனுப்பும் படம் பெரும்பாலும் 1600 புள்ளி அகலத்துக்குச் சுருங்கிவிடும். முன்பு சொன்ன மூன்றடிக் கணக்கில் பார்த்தால், மில்லிமீட்டருக்கு நான்கு புள்ளி இருந்தது இரண்டுக்கும் கீழே போய்விடும். தேதியும் இடமும் படத்துக்குள்ளிருந்து நீங்கிவிடும். 2023இல் வந்த எச்.டி. பட்டன் கொஞ்சம் உதவும். அசல் அப்படியே போக வேண்டுமென்றால், பேப்பர் கிளிப் குறியை (ஐபோனில் + குறியை) தொட்டு "டாக்குமென்ட்" என்று அனுப்புங்கள். குரூப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று போனில் இருக்கும் அசலை அழித்துவிடாதீர்கள்.

கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் முதல் எல்லையில்லா இலவசம் இல்லை, மெயிலோடு சேர்த்து 15 ஜிபிதான். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளக் கணக்கு முடித்த கையோடு, அந்த வாரப் படங்களை வீட்டின் பெயர், வேலையின் பெயர் போட்ட ஃபோல்டரில் ஹார்ட் டிஸ்கில் ஏற்றுகிறேன். "தரைத்தளம், பாத்ரூம் 2, வடக்குச் சுவர், பூச்சுக்கு முன்" என்று எழுத அரை நிமிடம்தான் ஆகும்.

புது போனை வாங்கிய முதல் வாரமே, முக்கியமில்லாத ஒரு நாளில், சைட்டில் முப்பது படம் எடுத்துப் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள். மாற்றித் தர எத்தனை நாள் அவகாசம் என்று பில்லிலேயே எழுதி வாங்கியிருந்தால், குறை தெரிந்ததும் கடைக்குக் கொண்டுபோகலாம். பழைய போனை அதுவரை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அடுத்து வரும் முதல் தளத்துக்கு இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.